லாஃப்டில் பாய்லர் புகைக்குழாய் பழுதா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

இங்கிலாந்தில் வீடு வாங்கியோ வாடகைக்கோ இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம்மூரில் லாஃப்ட் என்றால் சுவரோடு ஒட்டிய பரண். இங்கே அது ஓட்டுக்கூரைக்கும் மாடி சீலிங்குக்கும் நடுவே இருக்கும் மொத்த இடம். வருடத்துக்கு ஒருமுறை கொலுப் பொம்மை இறக்கவோ, ஊருக்குப் போகும் பெட்டியை எடுக்கவோ ஏறுவோம். மற்ற நாளெல்லாம் அங்கே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பல வீடுகளில், வீட்டையும் தண்ணீரையும் சூடாக்கும் கேஸ் பாய்லரின் புகைக்குழாய் அந்த இருட்டின் வழியாகத்தான் கூரைக்குப் போகிறது.

எங்கள் வீட்டில் பாய்லர் மாடிப்படி முடியும் இடத்து அலமாரியில் இருக்கிறது. குழாய் அங்கிருந்து லாஃப்டுக்குள் ஏறி, திரும்பி, இரண்டு மீட்டர் போல ஓடி, பிறகு ஓட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. ஒரு ஜனவரியில் குளியலறை சீலிங்கில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை தெரிந்தது. ஓடு விலகி மழைநீர் இறங்குகிறது என்று நினைத்தேன். கூரை வேலைக்காரர் வந்தார், இரண்டு ஓடு மாற்றினார், பணத்தை வாங்கிக்கொண்டு போனார். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கறையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்துப் பக்கத்தில் தேதியும் எழுதி வைத்தார். ஒன்பதாம் நாள் பார்த்தால் கறை கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை போயிருந்தது.

"ஒரு வாரமா ஒரு சொட்டு மழை இல்லையேடா. அப்புறம் எப்படி ஊறுது?" என்றார்.

அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். முந்தைய இலையுதிர் காலத்தில் இன்சுலேஷன் பஞ்சு விரிக்க வந்தவர்களில் யாரோ குழாயின் மேல் கால் வைத்திருக்க வேண்டும். ஒரு இணைப்பு மூன்று விரல் அகலத்துக்குக் கழன்று வாய் பிளந்து நின்றது. மூன்று மாதமாக பாய்லரின் புகை பிள்ளைகள் தூங்கும் அறைக்கு மேலே கொட்டிக்கொண்டிருந்தது. பாய்லர் பக்கத்தில் இருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒருமுறைகூடக் கத்தவில்லை. லாஃப்டில் அலாரமே இல்லை.

முதலில்: லாஃப்டுக்கு ஏறவே கூடாத நேரம்

அலாரம் அடித்தால், அல்லது வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டோருக்குத் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், காரணமில்லாத அசதி என்று வந்தால், காரணம் தேடிக்கொண்டு மேலே போகாதீர்கள். பாய்லரை நிறுத்துங்கள். ஜன்னல், கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். கேஸ் மீட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் அதன் கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காக வரும்படி கால் சுற்று திருப்பினால் கேஸ் நின்றுவிடும். வெளியே போன பிறகு 0800 111 999 என்ற தேசிய கேஸ் அவசர எண்ணை அழையுங்கள். இரவும் பகலும் எடுப்பார்கள். வந்து ஆபத்தை நிறுத்தக் கட்டணம் இல்லை. பாய்லரைப் பழுது பார்ப்பது அவர்கள் வேலை இல்லை, அதற்குத் தனியாக ஆள் கூப்பிட வேண்டும். யாராவது மயங்கினால் முதலில் 999-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

கேஸ் வாடையே அடித்தால் இன்னொரு கவனம் வேண்டும்: எந்த மின் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. மீட்டரில் மூடிவிட்டு வெளியேறுங்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். காய்ச்சல் இல்லாத ஃப்ளூ மாதிரித்தான் இருக்கும். குளிர்காலத்தில் எல்லோருக்கும் சளி பிடிக்கும் நேரமாக வேறு இருப்பதால் சுலபமாக ஏமாந்துவிடுவோம். உங்களையே நான்கு கேள்வி கேளுங்கள். கூட இருப்பவர்களுக்கும் அப்படியே இருக்கிறதா? வெளியே போனால் சரியாகிறதா? பாய்லரை வருடாவருடம் சர்வீஸ் செய்திருக்கிறோமா? வேலை செய்யும் அலாரம் இருக்கிறதா?

இதை மட்டும் மறக்க வேண்டாம். கோவிட் காலத்தில் வாங்கி வைத்த விரல் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்து, "98 காட்டுதே, ஒன்றுமில்லை" என்று இருந்துவிடாதீர்கள். அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. நச்சு ஏறியிருந்தாலும் நல்ல எண்ணையே காட்டும். மருத்துவமனையில் "வீட்டில் பாய்லர் புகை கசிந்திருக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

மேலே ஏறுவதற்கு முன்

எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், சந்தேகம் மட்டும்தான் என்றால் போய்ப் பார்க்கலாம். பார்க்கலாம், தொடக் கூடாது. பாய்லரை அணைத்து, லாஃப்ட் கதவைத் திறந்து வைத்து, ஒரு மணி நேரமாவது கழித்து ஏறுங்கள். கீழே ஒருவர் நிற்கட்டும். கையோடு ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரத்தை எடுத்துப் போவது நல்லதுதான், ஆனால் அது அடிக்கவில்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். 50 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 50 பங்கு) அளவில் அலாரம் அடிக்க 60 முதல் 90 நிமிடம் எடுத்துக்கொள்ளும். 100 பிபிஎம்மில் 10 முதல் 40 நிமிடம். 300 பிபிஎம் வந்தால்தான் மூன்று நிமிடத்துக்குள் அடிக்கும். தரவிதியே அப்படித்தான் சொல்கிறது.

சீலிங்கைத் தாங்கும் ஜாயிஸ்ட் கட்டைகளின் மேல் மட்டும் கால் வையுங்கள். நடுவில் இருப்பது வெறும் பிளாஸ்டர்போர்டு, கால் வைத்தால் கீழ் அறைக்குள் இறங்கிவிடுவீர்கள். பஞ்சு கையில் அரிக்கும், அதனால் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். போனில் எல்லா இணைப்பையும் படம் எடுங்கள். பிறகு இன்ஜினியரிடம் பேசும்போது அந்தப் படங்கள்தான் பேசும்.

குழாயின் உள் அமைப்பு

இப்போதைய பாய்லர்களின் புகைக்குழாய் பெரும்பாலும் குழாய்க்குள் குழாய். உட்குழாய் 60 மி.மீ., வெளிக்குழாய் 100 மி.மீ. என்பது வழக்கமான அளவு. நீண்ட ஓட்டத்துக்கு 80, 125 என்று பெரிதாக வரும். உட்குழாய் வழியாகப் புகை வெளியே போகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாக, எரிவதற்கான வெளிக்காற்று உள்ளே வருகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் ரப்பர் வளையம் இருக்கும்.

இதிலிருந்தே பழுது இரண்டு விதம் என்று புரியும். உட்குழாய் மட்டும் கழன்றால் புகை வீட்டுக்குள் வராது. அது காற்று வரும் பாதையில் கலந்து, பாய்லர் தன் புகையையே திரும்ப இழுக்கும். ஆக்சிஜன் குறைந்து சுடர் தடுமாறும், கார்பன் மோனாக்சைடு கூடும், பாய்லர் அடிக்கடி நின்றுபோகும். இரண்டு குழாயும் கழன்று வாய் பிளந்தால் நேர் எதிர். புகை லாஃப்டுக்குள் கொட்டும், காற்றும் லாஃப்டிலிருந்தே கிடைக்கும். பாய்லர் ஒரு குறையும் சொல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் நடந்தது இந்த இரண்டாவது. "பாய்லர் நன்றாகத்தானே ஓடுகிறது" என்ற நினைப்பு எவ்வளவு ஆபத்து என்று அன்றுதான் தெரிந்தது.

அறிகுறி: சீலிங்கில் கறை, கைமரத்தில் ஈரம்

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஏனென்றால் புகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதில் இருக்கும் தண்ணீர் தெரியும். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. 24 கிலோவாட் பாய்லர் ஒன்று முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் மூன்றரை லிட்டருக்குக் குறையாது. அத்தனையும் சில்லென்ற லாஃப்டுக்குள் வந்தால் ஓட்டுக்கு அடியில் விரித்திருக்கும் ஃபெல்ட் விரிப்பிலும் கைமரங்களிலும் படிந்து சொட்டத்தான் செய்யும்.

ஆனால் லாஃப்டில் ஈரம் என்றாலே புகைக்குழாய்தான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. மூன்று காரணம் உண்டு, மூன்றையும் பிரித்தறியலாம்.

குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளிருந்து ஏறும் ஈரக்காற்று குளிர்ந்து படிவது ஒன்று. நாம் மூன்று வேளை சமைக்கிறோம், குக்கர் விசிலடிக்கிறது, துணியை ரேடியேட்டரில் காயப்போடுகிறோம். அந்த ஆவியெல்லாம் மேலே போகும். அப்படி வந்த ஈரம் லாஃப்ட் முழுக்கப் பரவலாக இருக்கும். டார்ச் அடித்தால் ஃபெல்ட்டைத் துளைத்து நிற்கும் ஒவ்வொரு ஆணியின் நுனியிலும் ஒரு துளி மின்னும். வடக்குப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். புகைக்குழாய்ப் பக்கம் என்று தனியாக ஒன்றும் தெரியாது.

மழைநீர் இரண்டாவது. குழாய் ஓட்டைத் துளைத்து வெளியேறும் இடத்தில் ஈயத்தகடோ ரப்பர் கழுத்துப்பட்டையோ வைத்து அடைத்திருப்பார்கள். அது விரிசல் விட்டால் தண்ணீர் வெளிக்குழாயின் மேல் வழிந்து இறங்கும். மேலிருந்து கீழாக நீளமான கோடு தெரியும். மழை பெய்த அன்று கூடும், வெயிலடித்தால் காயும். இது கூரை வேலைக்காரர் சரிசெய்ய வேண்டியது, ஆனாலும் குழாயை அவர் அசைக்காமல் செய்ய வேண்டும்.

மூன்றாவது, புகைக்குழாய்க் கசிவு. ஈரம் ஒரு இணைப்பைச் சுற்றி, அதற்கு நேர் மேலே, ஒரு வட்டமாக இருக்கும். அந்த இடத்துக் கைமரம் மட்டும் கறுத்து, பூஞ்சை பிடித்திருக்கும். பஞ்சு அங்கே மட்டும் நைந்து அமுங்கிக் கிடக்கும். மழையோடு சம்பந்தம் இருக்காது. ஹீட்டிங் அதிகம் ஓடிய நாளில் கூடும், வீட்டைப் பூட்டிக்கொண்டு நான்கு நாள் வெளியூர் போனால் காயும்.

பென்சில் கோட்டு முறையை எல்லோருக்கும் சொல்கிறேன். கறையின் விளிம்பில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மழை பெய்ததா, ஹீட்டிங் எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒரு தாளில் குறியுங்கள். லாஃப்டில் குழாய் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே கறை இருந்து, மழை இல்லாத நாட்களிலும் அது வளர்ந்தால் அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டாம். பாய்லரை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: இணைப்பில் வெள்ளைப் பொடி, பச்சை அல்லது பழுப்பு வழிசல்

ஆவி குளிர்ந்து உண்டாகும் அந்தத் தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை, அமிலத்தன்மை உள்ளது. அதன் பிஎச் மதிப்பு 3, 4 அளவில் இருக்கும், கிட்டத்தட்ட ஆரஞ்சுச் சாறு மாதிரி. ரப்பர் வளையம் காய்ந்து வெடித்தால் அந்த நீர் இணைப்பின் வழியே ஊறி, உலர்ந்து, வெளியே தடம் விடும். அலுமினியக் குழாயில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும், விரலால் தொட்டால் மாவு மாதிரி ஒட்டும் (தொடாதீர்கள், படம் போதும்). பக்கத்தில் செம்புக் குழாய் இருந்து அதன் மேல் சொட்டினால் பச்சைக் களிம்பு ஏறும்.

இது சின்னக் கசிவுதான் என்று தோன்றும். ஆனால் தண்ணீர் வெளியே வருகிறது என்றால் புகைக்கும் வழி இருக்கிறது என்று பொருள். சில நேரம் வளையம் நன்றாகவே இருந்தும் கசியும், குழாயைத் தலைகீழாகப் பொருத்தியிருப்பார்கள். மேல்துண்டின் மெலிந்த முனை கீழ்த்துண்டின் விரிந்த வாய்க்குள் இறங்க வேண்டும். அப்போதுதான் வழியும் தண்ணீர் உள்ளேயே இறங்கிப் பாய்லருக்குப் போய், அங்கிருந்து கழிவுக்குழாயில் சேரும். மாற்றிப் பொருத்தினால் ஒவ்வொரு இணைப்பும் ஒரு ஓட்டைதான்.

அறிகுறி: குழாய் தொங்குகிறது, பாய்லரில் களக்களக்கென்று சத்தம்

படுக்கையாக ஓடும் குழாய் பாய்லரை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கேட்கும் சாய்வு 2.5 முதல் 3 டிகிரி. அதாவது மீட்டருக்கு ஏறக்குறைய 44 முதல் 52 மி.மீ. உயரம். குழாயைத் தாங்கும் பிடிப்பு ஏறக்குறைய ஒவ்வொரு மீட்டருக்கும் ஒன்று வேண்டும், வளைவு வரும் இடத்திலும் வேண்டும். ஒரு பிடிப்பு கழன்றாலே நடுவில் வயிறு தள்ளும், அங்கே தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் புகையின் வழியை அடைக்கும். அப்போதுதான் அந்தக் களக்களக் சத்தமும், சுடர் அணைவதும்.

தொடாமல் பார்க்க ஒரு வழி: பக்கவாட்டிலிருந்து படம் எடுத்து, பின்னணியில் இருக்கும் ஜாயிஸ்ட் கட்டையின் கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டை மட்டமாக இருக்கும், குழாய் சாய்ந்திருக்க வேண்டும். இரண்டும் இணையாக இருந்தாலோ, குழாய் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தாலோ கோளாறு. சிலர் குழாய்க்கு அடியில் செங்கல் முட்டுக்கொடுத்திருப்பதையும், அதன் மேலேயே சூட்கேஸ் அடுக்கியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து குழாயைச் சுற்றி இடம் விட்டு வையுங்கள்.

அறிகுறி: பாய்லர் பிழைக்குறி காட்டி நிற்கிறது, அதுவும் காற்றடிக்கும் இரவில்

வைலன்ட் நிறுவனத்தின் பாய்லரில் எஃப்28 என்றால் பற்றவில்லை, எஃப்29 என்றால் பற்றிய சுடர் நடுவில் அணைந்தது. வூஸ்டர் நிறுவனப் பாய்லரில் இஏ, ஐடியல் நிறுவனப் பாய்லரில் எல்2 என்பவையும் சுடர் சம்பந்தப்பட்டவைதான். இவற்றுக்குப் பல காரணம் உண்டு. கேஸ் வரத்து, பற்றவைக்கும் முனை, பாய்லரில் ஆவி குளிர்ந்து சேரும் நீரை வெளியேற்றும், உறைபனியில் அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாய் என்று பட்டியல் நீளம். புகைக்குழாய் அதில் ஒன்று.

எப்போது நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். உறைபனி நாளில் மட்டும் என்றால் கழிவுநீர்க் குழாயை முதலில் சந்தேகப்படலாம். பலத்த காற்றில் மட்டும் என்றால் கூரைக்கு மேலே இருக்கும் குழாய் முனையோ இணைப்போ ஆடுகிறது. பற்றிய பிறகு சில நிமிடம் ஓடி, பிறகு அணைந்து, ரீசெட் செய்தால் மறுபடி அதே மாதிரி என்றால் பாய்லர் தன் புகையைத் தானே இழுக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரீசெட் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்ப்பதில் தவறில்லை. இரண்டு மூன்று முறைக்கு மேல் அழுத்திக்கொண்டே இருப்பது, பாய்லர் சொல்ல வரும் விஷயத்தின் வாயைப் பொத்துவது.

அறிகுறி: வெளியே வெள்ளை ஆவி தெரியவில்லை, அல்லது தவறான இடத்தில் தெரிகிறது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலிலிருந்து புதிதாக மாட்டும் கேஸ் பாய்லர்கள் பெரும்பாலும் ஆவியைக் குளிரவைத்து வெப்பத்தை மீட்கும் வகைதான். குளிரான காலையில் அவற்றின் குழாய் முனையிலிருந்து வெண்ணிறமாக ஆவி எழும். அது நல்ல அறிகுறி, பயப்பட வேண்டாம். ஹீட்டிங்கைப் போட்டுவிட்டுத் தெருவுக்குப் போய்க் கூரையைப் பாருங்கள். பக்கத்து வீடுகளில் எல்லாம் ஆவி எழும்போது உங்கள் முனை மட்டும் சும்மா இருந்தாலோ, ஓட்டு இடுக்கிலும் கூரை ஓரத்து இறவாணத்திலும் ஆவி கசிந்தாலோ புகை லாஃப்டுக்குள் போகிறது. உடனே நிறுத்துங்கள்.

ஏணி வைக்காமல், தெருவில் நின்றபடி தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. புயலுக்குப் பிறகும், கூரையில் சோலார் பலகையோ ஆன்டெனாவோ வைத்த பிறகும் ஒருமுறை இப்படிப் பார்த்துவிடுங்கள். முனையின் தொப்பி பறந்துபோயிருந்தால் மழைநீர் நேராக உள்ளே இறங்கும். பாய்லரின் அடியில் காரணமில்லாமல் தண்ணீர் சொட்டினால் அதையும் நினைத்துப் பாருங்கள்.

அறிகுறி: குழாயே கண்ணில் படவில்லை

லாஃப்டை அறையாக மாற்றிய வீடுகளில் குழாயைப் பலகை அடித்து மறைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத குழாயை யாராலும் சோதிக்க முடியாது. அதனால் மூடிய இடத்துக்குள் ஓடும் குழாய்க்கு ஒவ்வொரு இணைப்பையும் பார்க்கும்படி குறைந்தது 300 மி.மீ. சதுரத்தில் திறப்புக் கதவு வைக்க வேண்டும். 2013 ஜனவரி 1 முதல், திறப்பு இல்லாத இடங்களில் பாய்லரை அணைத்து வைக்கும்படி இன்ஜினியர் சொல்வார். தொந்தரவாகத்தான் இருக்கும், ஆனால் அவர் சொல்வது சரி. வீடு வாங்கப் போகிறவர்கள் இதை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அறிகுறி: சாம்பல் நிறத்தில் தடிமனான பழைய குழாய்

பழைய வீடுகளில் சிமென்ட் மாதிரித் தோற்றத்தில் ஒரு குழாய் லாஃப்டில் நின்றுகொண்டிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் சிமென்டாக இருக்கலாம். 1999 வரை இங்கே அது முழுவதுமாகத் தடை செய்யப்படவில்லை. உடைக்கவோ, துளை போடவோ, பெருக்கவோ வேண்டாம். படம் எடுத்துவிட்டு இறங்குங்கள். அது இன்னும் பயன்பாட்டில் இருக்கிறதா என்று கேஸ் இன்ஜினியரும், எப்படி அகற்றுவது என்று ஆஸ்பெஸ்டாஸ் வேலை தெரிந்தவரும் சொல்லட்டும்.

நாமே ஒட்டிவிடலாமா?

கூடாது. வெள்ளி டேப், சிலிக்கான், குழாய்க் கிளிப் எதுவும் வேண்டாம். புகைக்குழாயில் கை வைப்பதும் சட்டப்படி கேஸ் வேலைதான். கேஸ் வேலை செய்யச் சட்டப்படி தகுதியுள்ளவர்களின் பட்டியலான கேஸ் சேஃப் பதிவேட்டில் இருப்பவர் மட்டுமே செய்ய வேண்டும். பழுது என்று தெரிந்தோ சந்தேகப்பட்டோ பாய்லரை ஓட்டுவதையும் 1998 ஆம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. அத்தோடு டேப் ஒட்டினால் வெளிக்குழாய் மட்டும்தான் மூடும். உள்ளே கழன்றிருக்கும் உட்குழாய் அப்படியே இருக்கும், இனி கண்ணுக்கும் தெரியாது.

நம்மவர்களிடையே "தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார், பாதி விலைக்குச் செய்வார்" என்பது அதிகம். எந்தத் தம்பியாக இருந்தாலும் கேஸ் சேஃப் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். முன்பக்கத்தில் படமும் எண்ணும் காலாவதி தேதியும் இருக்கும். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அங்கேதான் எழுதியிருக்கும். எண்ணைப் பதிவேட்டின் இணையதளத்தில் போட்டு அங்கேயே சரிபார்க்கலாம். நல்ல ஆள் அதற்குக் கோபப்படமாட்டார்.

இன்ஜினியர் வந்ததும்

இரண்டு குழாயும் கழன்று புகை கொட்டினால் அவர் "உடனடி ஆபத்து" என்று எழுதி, உங்கள் சம்மதத்தோடு பாய்லரைத் துண்டித்து, சிவப்பு எச்சரிக்கை அட்டை மாட்டுவார். சண்டை போடாதீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் படத்தைப் பார்த்ததுமே ஓட்டக் கூடாது என்றார்.

அவரிடம் கேட்க வேண்டியது இது. மாற்றும் துண்டுகள் அந்தப் பாய்லருக்கு அதன் தயாரிப்பாளர் அனுமதித்தவைதானா? வேறு நிறுவனக் குழாய் அளவு பொருந்தினாலும் கூடாது. கழன்ற ஒன்றை மட்டும் சொருகாமல் எல்லா இணைப்பின் வளையத்தையும் பார்த்தீர்களா? பிடிப்புகள்? கடைசியாக, புகையை அளக்கும் பகுப்பாய்வுக் கருவியின் அளவுகளை எழுதித் தாருங்கள் என்று சொல்லுங்கள். காற்று வரும் பாதையில் கருவியை வைத்தால் ஆக்சிஜன் 20.6 சதவீதத்துக்குக் குறையாமலும், கார்பன் டையாக்சைடு 0.2 சதவீதத்துக்குக் கீழேயும் இருக்க வேண்டும். அப்படி இல்லை என்றால் உட்குழாய் எங்கோ கசிகிறது. புகையில் கார்பன் மோனாக்சைடுக்கும் கார்பன் டையாக்சைடுக்கும் உள்ள விகிதம் 0.004க்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு அந்தச் சீட்டைக் கருவியிலிருந்தே அச்செடுத்துக் கொடுத்தார், பாய்லர் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

வாடகை வீடு என்றால் இந்தச் செலவு உங்களுடையது இல்லை. வீட்டுக்காரர் ஆண்டுதோறும் கேஸ் சோதனை செய்து, 28 நாளுக்குள் அதன் நகலை உங்களுக்குத் தர வேண்டும். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல் பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பதும் அவர் பொறுப்பு. போனில் சொன்னதோடு விடாமல் படத்தோடு எழுதி அனுப்புங்கள்.

ஹீட்டிங் இல்லாத நாட்கள்

உதிரிபாகம் வர எங்களுக்கு நான்கு நாள் ஆனது. எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டர் இரண்டை வாங்கி, எல்லோரும் ஒரே அறையில் படுத்தோம். குளிக்கக் கெட்டிலில் வெந்நீர். குளிருக்கு அடக்கமாக இருக்கும் என்று கரி அடுப்பையோ முகாம் கேஸ் அடுப்பையோ வீட்டுக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள். எதிலிருந்து தப்பினோமோ அதையே நடு வீட்டில் மூட்டியதாகிவிடும்.

பழுது முடிந்ததும் இரண்டு அலாரம் புதிதாக வைத்தோம், ஒன்று லாஃப்டில், ஒன்று பிள்ளைகள் அறையில். பாய்லர் இருக்கும் அறையில் வைப்பதானால் அதிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். சீலிங்கில் என்றால் சுவரிலிருந்து குறைந்தது 300 மி.மீ., சுவரில் என்றால் சீலிங்குக்குக் கீழே குறைந்தது 150 மி.மீ. பெட்டியில் பிஎஸ் இஎன் 50291 என்ற தர எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

குளியலறைச் சீலிங்குக்கு அவசரப்பட்டு வண்ணம் அடிக்கவில்லை. ஈரம் உள்ளே இருக்கும்போது அடித்தால் கறை மறுபடி மேலே வரும். லாஃப்டில் நைந்த பஞ்சை அகற்றி, கதவைத் திறந்து போட்டு, ஆறு வாரம் விட்டோம். வாரம் ஒருமுறை அம்மா நாற்காலியில் ஏறிப் புதுக் கோடு போட்டுப் பார்த்தார். கறை அந்தக் கோட்டைத் தாண்டவே இல்லை என்று உறுதியான பிறகுதான் கறைமறைக்கும் அடிப்பூச்சு ஒன்றும், அதன் மேல் வெள்ளையும் அடித்தோம்.